டெர்ஹோர்ஸ்ட் என்கிற லோகாம்ப்

லோகாம்ப் பண்ணை, ஃப்ரேடன் அருகே
1910 மார்ச் 9

மைத்துனர் கெரிட் அவர்களுக்கு,

உங்கள் அண்ணன் ஹென்ட்ரிக்கை அடக்கம் செய்து ஒரு வாரம் ஆகப் போகிறது. நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சலில் கிடந்தார், எழுந்திருக்கவில்லை. எல்லாம் முறைப்படி நடந்தது. பக்கத்துப் பண்ணை வென்னிங் குடும்பம்தான் முன்னின்று செய்தது. எங்கள் பக்கம் இழவு வீட்டுக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், உங்களுக்குத் தெரியாதது இல்லை. பெட்டி தூக்கியது அவர்கள், வந்தவர்களுக்குக் காபியும் திராட்சை ரொட்டியும் கொடுத்தது அவர்கள், வீடு வீடாகப் போய்ச் சாவு சொன்னதும் வென்னிங்தான்.

ஹாலந்து எல்லை தாண்டி க்ரூன்லோவில் உங்கள் வீட்டுக்கும் அவரே நடந்து வந்தார். சேற்றில் போக ஒரு காலைப் பொழுது, வர ஒரு பிற்பகல். நீங்கள் செய்தியைக் கேட்டுவிட்டு, "அப்பாடா, இப்பவாவது நேரம் வந்துச்சே" என்று சொல்லிக் கதவைச் சாத்தினீர்களாம். வென்னிங் இதை என்னிடம் மறைத்துவிட்டார். அவர் மனைவிதான் பாத்திரம் கழுவும்போது வாய் தவறிச் சொன்னாள்.

ஹென்ட்ரிக் என்னைக் கட்டிக்கொண்டு இந்தப் பண்ணைக்கு வந்ததும், ஊர் வழக்கப்படி எல்லோரும் அவரைப் பண்ணையின் பெயரால் லோகாம்ப் என்று கூப்பிட ஆரம்பித்ததும் உங்களுக்குப் பொறுக்கவில்லை. முப்பத்தொரு வருடம் இந்த வாசலை நீங்கள் மிதிக்கவில்லை. சரி, உங்கள் கோபம் உங்களோடு. ஆனால் செத்துப்போனவரைப் பற்றி அப்படிப் பேச எப்படி மனசு வந்தது? இதை மட்டும் கேட்கத்தான் எழுதுகிறேன். பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. எனக்கு எதற்கும் தெம்பில்லை.

அலைட்

*

க்ரூன்லோ
1910 மார்ச் 12

லோகாம்ப் பண்ணை வீட்டம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்துதான் என் அண்ணன் இறந்தது எனக்குத் தெரியும்.

இன்னொரு முறை படியுங்கள். உங்கள் கடிதம் வந்துதான்.

உங்கள் வென்னிங் என் வாசலில் நின்று சொன்னது இவ்வளவுதான்: "லோகாம்ப் பண்ணைக்காரர் காலமாயிட்டாரு. வியாழக்கிழமை காலையில எடுக்குறோம். பக்கத்து வீட்டு வென்னிங் வந்து சொல்றேன்." ஹென்ட்ரிக் என்று சொல்லவில்லை. உங்க அண்ணன் என்று சொல்லவில்லை. பண்ணைக்காரர் என்றால் எனக்கு உங்கள் அப்பாதான். எண்பத்தாறு வயதுக் கிழவர் செத்தார் என்றால் யார்தான் சந்தேகப்படுவார்கள்? நிச்சயத்தன்று என் காதுபட என் அண்ணனிடம், "இந்த வாசப்படி தாண்டினா நீ லோகாம்ப். டெர்ஹோர்ஸ்ட்டை வெளியவே கழட்டி வச்சிட்டு வா, செருப்பு மாதிரி" என்று சொன்ன மனிதர் அவர். அவர் போய்ச் சேர்ந்தார் என்று நினைத்துத்தான் நேரம் வந்துச்சே என்றேன். கதவைச் சாத்திவிட்டு ஒரு கோப்பை ஜின்னும் குடித்தேன். என் கூடப் பிறந்தவன் சாவுக்கு நான் ஜின் குடித்திருக்கிறேன், அலைட் அம்மா. இதைத் தூக்கிக்கொண்டு நான் எங்கே போவேன்?

கொட்டிலில் மாடுகளிடம் சொல்லியிருப்பீர்கள். தேன்கூட்டைத் தட்டி, எசமான் போய்ட்டாரு என்று தேனீக்களிடமும் சொல்லியிருப்பீர்கள். உங்கள் பக்கம் அதுவும் வழக்கம்தானே. எனக்குச் சொல்லத்தான் ஒரு பெயர் கிடைக்கவில்லை.

ஒன்று கேட்கிறேன், கேட்கும் உரிமை இருக்கிறது என்றே நினைக்கிறேன். கல்லில் ஹென்ட்ரிக் டெர்ஹோர்ஸ்ட் என்று வெட்ட வேண்டும். எனக்குக் கல்யாணமும் இல்லை, குழந்தை குட்டியும் இல்லை. எனக்குப் பிறகு இந்தப் பெயரைச் சுமக்க ஒருவரும் கிடையாது. ஒரு கல்லாவது சுமக்கட்டும்.

கெரிட் டெர்ஹோர்ஸ்ட்

*

லோகாம்ப் பண்ணை
1910 மார்ச் 21

மைத்துனர் கெரிட் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு இரண்டு நாள் ஒன்றும் செய்யவில்லை. பிறகு வென்னிங்கைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். மனிதர் தொப்பியை முறுக்கிப் பிழிந்துவிட்டார்.

"வேற எப்படிம்மா சொல்றது? எங்கப்பா அப்படித்தான் சொன்னாரு, எங்க தாத்தா அப்படித்தான் சொன்னாரு. பண்ணை பேரைச் சொன்னாப் போதும், ஊருக்கே தெரியும். டெர்ஹோர்ஸ்ட்னு யாராவது என்கிட்ட வந்து சொல்லியிருந்தா, அது யாருன்னு நானே கொஞ்சம் முழிச்சிருப்பேன்."

அப்பா அடுப்போரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் பயமாக இருந்தது. அவர் சிரித்தார். "செத்தது நான்னு நெனச்சுக் குடிச்சானா? அந்த ஜின் நல்ல ஜின்னான்னு கேட்டு எழுது."

உங்கள் மீது எனக்கு இப்போது கோபம் இல்லை. அதற்கான ஆள் நீங்கள் இல்லை என்று ஆனபிறகு யார் மீது கோபப்படுவது என்றும் தெரியவில்லை. ஆனால் கல்லைப் பற்றி நீங்கள் கேட்பது நடக்காது.

எங்கள் கல்லறையில் கல் ஒன்றுதான். அதில் லோகாம்ப் என்று மட்டும் இருக்கும், முன்பெயர்கூடக் கிடையாது. கீழே படுப்பவர்கள் ஒருவர் பின் ஒருவராக வருவார்கள், கல் அப்படியே நிற்கும். நீங்கள் அத்தனை வருடம் வெறுத்தீர்களே என் அப்பா, அவர் லோகாம்ப்பாகவா பிறந்தார்? எபிங் வீட்டில் மூன்றாவது பையன். இங்கே பிறந்தவள் என் அம்மா. அதற்கு முந்தி என் பாட்டி. எங்கள் பண்ணைக்கு மூன்று தலைமுறையாகப் பெண் வாரிசுதான், வந்து சேர்ந்த ஆண்கள் எல்லாம் வேறு பெயரோடு வந்து இந்தப் பெயரோடு போனவர்கள். இப்போது போய் எபிங் என்று கூப்பிட்டால் அப்பா திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம்.

இன்னொன்று. உங்களுக்குப் பிறகு அந்தப் பெயருக்கு ஆளில்லை என்று எழுதினீர்கள். யாருக்கு எழுதுகிறோம் என்று ஒரு நிமிடம் யோசித்தீர்களா? பதிவாளர் அலுவலகத்தில் நான் டெர்ஹோர்ஸ்ட். பால் கூட்டுறவில், கோயிலில், கன்றுகளுக்கு ஊசி போட வரும் மருத்துவரிடம், எல்லா இடத்திலும் நான் போடும் கையெழுத்து அதுதான். ஊர் வாய்க்கு லோகாம்ப், காகிதத்துக்கு டெர்ஹோர்ஸ்ட் என்று முப்பத்தொரு வருடமாக உங்கள் பெயரை எழுதியே என் விரல் தேய்ந்துவிட்டது. என் மகள் த்ரேஸும் டெர்ஹோர்ஸ்ட்தான், துக்கம் கழிந்து அவளுக்குக் கல்யாணம் ஆகும்வரை. அந்தப் பையன் விஸிங் வீட்டுப் பிள்ளை. இன்னும் மோதிரம்கூடப் போடவில்லை, அதற்குள் சந்தையில் "என்ன சின்ன லோகாம்ப், மாடு எப்படி?" என்று கேட்கிறார்களாம். அவன் காது சிவந்து போய் வந்து சொல்கிறான்.

அலைட் டெர்ஹோர்ஸ்ட். ஆம், அப்படித்தான்.

*

க்ரூன்லோ
1910 ஏப்ரல் 14

அண்ணிக்கு,

அந்தப் பெயரை உங்கள் கையெழுத்தில் பார்த்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் ஆயுசைக் கழித்தவனுக்கு இது தோன்றாமல் போனது வெட்கம்தான்.

உங்கள் அப்பாவிடம் சொல்லுங்கள்: ஜின் மட்டம். அவர் நன்றாக இருக்கட்டும். அவர் எபிங் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவரை வெறுப்பது இவ்வளவு சுலபமாக இருந்திருக்காது.

ஆனாலும் கேட்டதை நான் விடவில்லை. ஏன் விடவில்லை என்று சொல்கிறேன். என் வகுப்பில் பையன்கள் தூங்குவார்கள், நீங்களும் இடையில் தூங்கினால் தப்பில்லை.

ஹோர்ஸ்ட் என்று எல்லையின் இரண்டு பக்கத்துக்காரர்களும் சொல்வது சதுப்பு நிலத்தில் தண்ணீர் ஏறாத மேட்டை. புதர் மண்டி, நாலு குட்டை மரம் நிற்கும். அதில் வீடு கட்டியவன் டெர்ஹோர்ஸ்ட், மேட்டுவீட்டுக்காரன். எல்லைக்கு இந்தப் பக்கம் உள்ளே போகப்போக அதுவே வான் டெர் ஹோர்ஸ்ட் ஆகிவிடும், உங்கள் பக்கம் ஸுர்ஹோர்ஸ்ட், மூன்ஸ்டர் போனால் ஹோர்ஸ்ட்மான். ஆள் வேறு, மேடு வேறு, சொல் ஒன்றுதான். தெற்கே போனால் கதை மாறுகிறது. போன வருடம் விடுதியில் பவேரியாக்காரர் ஒருவர், ரயில் பாலம் கட்ட வந்தவர், என் பெயரைக் கேட்டுக் குதித்துவிட்டார்.

"ஹோர்ஸ்ட்டா! அடேயப்பா, கழுகுக்கூடு! உங்க பரம்பரை எந்த மலைங்க?"

"எங்க மலை என் முழங்கால் உசரம்ங்க. கழுகு இல்ல, வாத்து வளர்த்தோம்."

அவர்கள் ஊரில் ஹோர்ஸ்ட் என்றால் கழுகு சுள்ளி அடுக்கிக் கட்டும் கூடாம். யோசித்தால் அதுவும் புதர்தான், பாறை மேல் இருக்கிற புதர். எங்கள் சித்தப்பா ஒருவர் மிச்சிகனுக்குக் கப்பலேறினார். அங்கே பக்கத்து வீட்டு இங்கிலாந்துக்காரர்கள் பேச்சில் ஹர்ஸ்ட் என்று அதே சொல் முன்பே இருந்தது, மரம் நிற்கும் மணல்மேடு என்று அர்த்தம். டெர் என்பதை உதறிவிட்டு மிச்சத்தை அவர்கள் வாய்க்கு விட்டுவிட்டார். ஒரே வருடத்தில் உள்ளூர்க்காரன் ஆகிவிட்டேன் என்று பெருமையாக எழுதினார். அவர் பிள்ளைகளுக்கு இந்தச் சதுப்பு நிலம் எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

சரி, அந்த மேடு? நானும் ஹென்ட்ரிக்கும் பிறந்த மேடு? ரயில் பாதைக்கு மணல் வேண்டும் என்று வண்டி வண்டியாக அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அப்பா இறந்த பிறகு நான்தான் விற்றேன், பள்ளிக்கூடச் சம்பளக்காரனுக்கு வாத்து எதற்கு என்று. இப்போது அங்கே உருளைக்கிழங்கு விளைகிறது, மேசை மாதிரி தட்டை. மேடு போனது. மேட்டுக்காரன் என்ற பெயரோடு நான் வாடகை வீட்டில் மாடியில் இருக்கிறேன். உங்களுக்கு நிலம் இருக்கிறது, அண்ணி. அது தன் பெயரைத் தானே பார்த்துக்கொள்ளும். எங்களுக்கு மிச்சமிருந்தது நாங்கள் இரண்டு பேர், இப்போது ஒருவன்.

உங்கள் லோகாம்ப் பற்றியும் பார்த்தேன். காம்ப் என்றால் வரப்பெடுத்து அடைத்த வயல், அதில் சண்டை இல்லை. லோ என்றால்தான் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். தோப்பு என்கிறார்கள். தோல் பதனிடும் மரப்பட்டை என்கிறார்கள். இங்கிலாந்தில் அது லே ஆகி, மரத்தை வெட்டித் தள்ளிய வெட்டவெளியைக் குறிக்கிறதாம். நான் தோப்பு என்கிறேன்.

கண் எரிகிறது. நிறுத்துகிறேன்.

கெரிட்

*

லோகாம்ப் பண்ணை
1910 ஜூன் 5

தம்பி கெரிட்டுக்கு,

வைக்கோல் வேலை நடுவில் எழுதுகிறேன், கை எழுத்தில் நிற்க மாட்டேன் என்கிறது.

உங்கள் நாலு பக்கத்தையும் படித்தேன், தூங்கவில்லை. எனக்குப் புரிந்தது இதுதான்: உங்களுடையதும் நாலு மரம், எங்களுடையதும் நாலு மரம். இதற்கா முப்பத்தொரு வருடம்? அது போக, நீங்கள் குடியிருக்கும் க்ரூன்லோவின் வாலிலேயே எங்கள் லோ ஒட்டிக்கொண்டிருக்கிறதே, வாத்தியாருக்கு அது தெரியவில்லையா? அப்பாவிடம் சொன்னேன். "அப்ப அவனும் நம்ம வேலிக்குள்ளதான் இருக்கான்" என்றார்.

இனி சொல்லப்போவதை நான் யாரிடமும் சொல்லவில்லை, த்ரேஸிடம்கூட. சொல்லக்கூடாது என்று இல்லை, நினைத்தாலே அயர்ச்சியாக இருந்தது.

கடைசி நாளில் பாதிரியார் வந்தார். குனிந்து, "லோகாம்ப், நான் பேசுறது கேக்குதா? லோகாம்ப்!" என்றார். ஹென்ட்ரிக் கண்ணைத் திறந்தார். பாதிரியாரைப் பார்க்காமல் வாசல் பக்கம் பார்த்தார், யாரோ வந்திருக்கிறார்கள் என்று தேடுவது போல. அப்புறம் நல்ல தெளிவாக, மரியாதையாகச் சொன்னார்: "பெரியவர் கொட்டில்ல இருப்பாருங்க. கூப்பிடட்டுமா?"

நீங்கள் செய்த அதே தப்பு, தம்பி. லோகாம்ப் என்றால் அவருக்கும் என் அப்பாதான். இத்தனை வருடம் உழுது, அறுத்து, கன்று இழுத்து, ஊர்க்கூட்டத்தில் அந்தப் பெயருக்கு எழுந்து நின்று பதில் சொன்ன மனிதர், காய்ச்சலில் வேலை தேடி வந்த பையன் மாதிரி பேசினார். பாதிரியார் என்னைப் பார்த்தார். நான் காதருகே போய் ஹென்ட்ரிக் என்றேன். ஹின்னெர்க் என்று நாங்கள் சொல்வது மாதிரி இல்லை, உங்கள் அம்மா சொல்வது மாதிரி. உடனே என் பக்கம் திரும்பி, "ம், இங்கதான் இருக்கேன்" என்றார். அதற்குப் பிறகு பேச்சு இல்லை.

வைக்கோல் வாரும்போதெல்லாம் இதுதான் ஓடுகிறது. முப்பத்தொரு வருடம் என் வீட்டில் விருந்தாளியாகவா இருந்தார்? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. எனக்கு அழுகையும் வருகிறது, கோபமும் வருகிறது.

அப்பாவிடம் கல்லைப் பற்றிப் பேசினேன். "அவன் லோகாம்ப்தான். நான் எபிங்கைத் தொலைச்சப்போ அழுதேனா?" என்று கத்தினார். கொஞ்ச நேரம் கழித்து, "ஒரு தடவை அழுதேன். உங்கம்மாவுக்குத் தெரியாது. போ, அவன் பேரையே வெட்டு" என்றார்.

ஆகவே உங்கள் இஷ்டப்படி நடக்கும். எங்கள் இடத்தின் ஓரத்தில், சுவர் பக்கம், அவர் கிடக்கும் இடத்தில் தனிக்கல். ஹென்ட்ரிக் டெர்ஹோர்ஸ்ட், வருடங்கள், அவ்வளவுதான். ஆகஸ்ட்டில் நிறுத்துவார்கள். வாருங்கள். பன்றித்தொடை ஹாம் புகையில் தொங்குகிறது, அறுக்காமல் வைத்திருக்கிறேன்.

அலைட்

*

க்ரூன்லோ
1910 ஜூலை 28

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் எழுதாததற்குக் காரணம் சோம்பல் இல்லை. பேனாவை எடுப்பேன், "கூப்பிடட்டுமா" என்ற இடத்தில் நின்றுவிடுவேன்.

நான் வரவில்லை. முழங்கால் வலி என்று எழுதலாம், அது உண்மையும்கூட. ஆனால் சாகட்டும் என்று நான் நினைத்த மனிதர் எதிரே உட்கார்ந்து அவர் வீட்டு ஹாமை எப்படி மெல்லுவேன்? கல் நின்றதும் ஒரு வரி எழுதுங்கள், போதும். இந்த நன்றியை எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

கெரிட்

*

லோகாம்ப் பண்ணை
1910 நவம்பர் 2

தம்பி,

ஒரு வரி எழுதச் சொன்னீர்கள். ஆகஸ்ட்டில் எழுதியிருக்க வேண்டும். அறுவடை, பிறகு அப்பாவுக்கு இருமல், பிறகு ஒன்றுமில்லாமலே நாட்கள் போய்விட்டன. கல் நிற்கிறது. நல்ல கல், எழுத்தும் ஆழமாக வெட்டியிருக்கிறார்.

நேற்று எல்லாப் புனிதர்களின் நாள். பூசை முடிந்து ஊரே கல்லறைக்கு வந்தது. பக்கத்து ஊர்களிலிருந்தும் வந்தார்கள். அவரவர் வீட்டுக் கல்லறைக்கு மட்டும் விளக்கு வைப்பதில்லை எங்கள் ஊரில், அந்த வருடம் இறந்த பண்ணைக்காரருக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் வைப்பார்கள். நான் ஹென்ட்ரிக்கின் கல்லில் ஒரு விளக்கு வைத்துவிட்டு நின்றேன். வென்னிங் வீட்டார் ஒன்று வைத்தார்கள். பெட்டி தூக்கிய இன்னும் இரண்டு பேர் வைத்தார்கள். மற்ற எல்லா விளக்கும், தம்பி, பெரிய கல்லின் காலடியில். லோகாம்ப் என்று எழுதியிருக்கும் கல். அவருக்காகத்தான் வந்தார்கள், அந்தப் பெயரைத் தேடிக் கண்டுபிடித்து, அங்கே மண்டியிட்டு, அவருக்காகத்தான் ஜெபித்தார்கள். அந்தக் கல்லுக்குக் கீழே கிடப்பது என் அம்மா.

கொல்லர் வீட்டு விதவையும் அவள் தங்கையும் என் பக்கத்தில் வந்து நின்றார்கள். குளிர்காலம் தோறும் அவளுக்கு ஹென்ட்ரிக் அடுப்பெரிக்கும் கரிமண்ணைச் சதுப்பில் வெட்டி ஒரு வண்டி போட்டுவிட்டு வருவார், கேட்காமலே. முக்காடு போட்டிருந்த என்னை அடையாளம் தெரியவில்லை போல.

"டெர்ஹோர்ஸ்ட்டா? யாருக்கா இது?"

"யாருக்குத் தெரியும்? ஹாலந்துல இருந்து கூலி வேலைக்கு வந்த ஆளா இருக்கும். பாவம், சுவத்தோரமாப் போட்டிருக்காங்க பாரு. நாலு விளக்குதான் இருக்கு. எங்கிட்ட ஒரு மெழுகுத் துண்டு மிச்சமிருக்கு, இந்த அநாதைக்கு வச்சிடறேன்."

வைத்தாள். சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன், அதற்குள் அவர்கள் அடுத்த கல்லுக்கு நகர்ந்துவிட்டார்கள். உங்கள் பெயர் கல்லில் இருக்கிறது, தம்பி. என் புருஷன் எங்கே படுத்திருக்கிறார் என்று ஊருக்குத் தெரியவில்லை. உங்கள் பெயரைச் சொன்னால் அவர் திரும்பிப் பார்ப்பார். எங்கள் பெயரைச் சொன்னால்தான் ஊர் திரும்பிப் பார்க்கும். நான் என்ன செய்யட்டும்? உங்களைக் குறை சொல்லவில்லை. களைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி எல்லோரும் விளக்கோடு வருவார்கள். நான் போகப் போவதில்லை.

அலைட்

*

லோகாம்ப் பண்ணை
1910 நவம்பர் 7

தம்பி கெரிட்,

என்ன மனிதர் நீங்கள்! ஊர் எல்லை வரை வந்தவருக்கு வீட்டுக்கு வர வழி தெரியாதா?

நேற்று மாலை வென்னிங் நனைந்த கோழி மாதிரி வந்து நின்றார். "அம்மா, கல்லறையில ஒரு பெரியவர். அன்னிக்குக் கதவைச் சாத்தினாரே, அவரேதான். பூசை விட்டு நாங்க போறதுக்கு முன்னாடியே சுவத்தோரம் தொப்பியைக் கையில வச்சிக்கிட்டு நிக்கிறாரு. மழை கொட்டுது. விளக்கு எடுத்துக்கிட்டுப் பெரிய கல்லுக்குப் போறவங்களை எல்லாம் மறிக்கிறாரு. 'அங்க இல்லீங்க, இங்க வாங்க. லோகாம்ப் இங்க இருக்காரு. உங்க லோகாம்ப் இவர்தான்'னு ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்றாரு. பையனுங்களை வரிசையில நிறுத்துற வாத்தியார் மாதிரி."

"ஜனங்க என்ன சொன்னாங்க?"

"மொதல்ல கிறுக்கன்னு நெனச்சாங்க. நீங்க யாருன்னு நம்ம கொல்லர் வீட்டம்மா கேட்டாங்க. 'லோகாம்ப்போட தம்பி'ன்னாரு. அந்தம்மா கல்லைப் பாக்குது, அவரைப் பாக்குது. மூக்கும் நெத்தியும் அப்படியே நம்ம ஆளு. அங்கேயே சேத்துல மண்டி போட்டுடுச்சு. அப்புறம் எல்லாரும் பெரிய கல்லுல வச்ச விளக்கையெல்லாம் எடுத்துட்டு வர ஆரம்பிச்சிட்டாங்கம்மா. கல்லே தெரியல, அவ்வளவு விளக்கு."

நான் உங்களைக் கூட்டி வரச் சொல்லி வென்னிங்கை விரட்டினேன். அதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். அந்த முழங்காலோடு, அந்த மழையில். அப்பா ஜன்னலை விட்டு நகராமல் சாலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார், பிறகு திட்டிக்கொண்டே படுக்கப் போனார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இன்று காலை கல்வெட்டுக்காரரிடம் போனேன். கல்லைப் பிடுங்கித் திருப்பி நட்டு மறுபக்கத்தில் புதிதாக வெட்டலாம் என்கிறார். முந்தைய காலத்தில் இப்படி வந்தவர்களுக்கு இன்னார் என்கிற இன்னார் என்று இரண்டு பெயரும் போடுவார்களாம், பிறந்த பெயர் மேலே, பண்ணைப் பெயர் கீழே. இரண்டும் ஒரே அளவில் கொள்ளாது, மேலே வருவதுதான் பெரிதாக இருக்கும், கீழே வருவது இருக்கிற இடத்தில் சின்னதாக. எது மேலே என்று கேட்கிறார். தனியாக முடிவெடுத்து முடிவெடுத்து எனக்கு அலுத்துவிட்டது. அவர் உங்களுக்கும் சொந்தம். நீங்கள் சொல்லுங்கள், அப்படியே வெட்டச் சொல்கிறேன்.

அலைட்

*

க்ரூன்லோ
1910 நவம்பர் 10

அண்ணி,

படுத்துக்கொண்டே எழுதுகிறேன், சளிதான், பயப்பட ஒன்றுமில்லை. வீட்டுக்கு வராததற்கு மன்னியுங்கள். நனைந்த துணியோடு உங்கள் அப்பா முன்னால் நிற்க வெட்கமாக இருந்தது. கிறிஸ்துமஸுக்கு வருகிறேன், அவரிடம் சொல்லிவையுங்கள்.

லோகாம்ப் என்ற பெயரை என் வாயால் சொல்ல முடியாது என்றுதான் ஆயுசு முழுக்க நினைத்திருந்தேன். முதல் ஆளிடம் சொல்லும்போது நாக்கு ஒட்டிக்கொண்டது. அவர் உடனே தொப்பியைக் கழற்றி, "எங்க வீட்டுத் தண்ணிக்கிணறு வெட்டினவரு" என்றார். அடுத்தவர் வேறொன்று சொன்னார். ஒவ்வொருவரும் ஏதோ ஒன்று சொல்லிவிட்டுத்தான் விளக்கை வைத்தார்கள். முப்பத்தொரு வருடத்து ஹென்ட்ரிக்கை எனக்கு யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. நேரம் போனதே தெரியவில்லை. இந்தப் பெயருக்குள் என் அண்ணன் இவ்வளவு இருந்திருக்கிறான்.

கல்வெட்டுக்காரரிடம் சொல்லுங்கள்: லோகாம்ப் மேலே, பெரிதாக. விளக்கோடு தேடி வருகிறவர்களுக்குத் தூரத்திலிருந்தே தெரிய வேண்டும். கீழே இடம் இருந்தால் நம் பெயர்.

கெரிட்